நித்தியகல்யாணி: வாசல் செடி மருந்தான வரலாறு

தோட்டத்து லயங்களின் முன்புறம், கோயில் மதில் ஓரம், அடுக்குமாடி வீட்டுப் பூந்தொட்டி என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எங்கும் காணக்கூடிய செடி நித்தியகல்யாணி. ஐந்து இதழ் கொண்ட சிறிய பூ. ஊதா கலந்த இளஞ்சிவப்பு அல்லது தூய வெள்ளை. ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். கவனிப்பார் இல்லாத இடத்திலும் தானாக முளைத்துப் பூப்பதால் தமிழ்நாட்டில் சிலர் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். மலாய்க்காரர்களுக்கு அது கெமுந்திங் சீனா.

சுடுகாட்டின் பெயரைத் தாங்கிய அந்தச் செடிதான் கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் புற்றுநோய் கண்ட குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் காத்து வருகிறது. ஆம்! இரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒரு குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே ஏற்றப்படும் ஊசி மருந்துகளில் ஒன்று நித்தியகல்யாணியின் இலையிலிருந்து வந்தது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்று பெரியவர்கள் சொன்னது இந்தச் செடிக்கு நன்றாகவே பொருந்தும்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நம்மவர்களிடையே இரண்டு விதமான எண்ணங்கள் எழுவதைக் காணலாம். "அப்படியானால் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமே, மருத்துவமனை எதற்கு?" என்பது ஒன்று. "நாட்டு மருந்தெல்லாம் மூடநம்பிக்கை, ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் மருந்து" என்பது மற்றொன்று. இந்த இரண்டுமே தவறு என்பதற்கு நித்தியகல்யாணியின் வரலாற்றை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

தீவிலிருந்து புறப்பட்ட செடி

நித்தியகல்யாணி நம் மண்ணில் தோன்றிய செடி என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடலில் உள்ள மடகாஸ்கர் தீவு. கப்பல்கள் கடல்களைக் கடந்து வணிகம் செய்யத் தொடங்கிய காலத்தில், அழகுக்காகவும் மருந்துக்காகவும் அது துறைமுகம் துறைமுகமாகப் பயணம் செய்தது. 18ஆம் நூற்றாண்டில் அதன் விதைகள் ஐரோப்பாவின் பூங்காக்களை அடைந்தன. 1759இல் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அதற்கு விங்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் 1837இல் ஜார்ஜ் டான் என்பவர் அதை வேறு இனத்தில் சேர்க்க, கேதராந்தஸ் ரோசியஸ் என்பது அதன் இன்றைய அறிவியல் பெயரானது. ஆயினும் பழைய பெயரான விங்காவின் நினைவு இன்றும் மருந்துகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செடி போன ஊர்களில் எல்லாம் மக்கள் அதை மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென் ஆப்பிரிக்கா என்று ஒன்றோடொன்று பெரிதாகத் தொடர்பில்லாத நாடுகளில் ஒரே நம்பிக்கை நிலவியது: இலையைத் தேநீர் போல் கொதிக்க வைத்துக் குடித்தால் இனிப்பு நீர் நோய் கட்டுப்படும் என்பதே அது. நம் ஊர்களிலும் பூவைப் போட்டுக் காய்ச்சிய நீரை அதே நோய்க்காகக் குடித்தவர்கள் உண்டு.

புற்றுநோயைப் பற்றி இந்த நம்பிக்கையில் ஒரு சொல்கூட இல்லை என்பதை இங்கே கவனத்தில் கொள்ள வேண்டும். வரலாற்றின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

ஜமைக்காவிலிருந்து 25 இலைகள்

கனடாவின் டொராண்டோ நகரில் கிளார்க் நோபிள் என்றொரு மருத்துவர் இருந்தார். இன்சுலின் கண்டுபிடிப்பின் வரலாற்றில் அவருக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 1921ஆம் ஆண்டு கோடையில் ஃபிரெடெரிக் பாண்டிங் தமது ஆய்வுக்கு ஒரு மாணவ உதவியாளரைத் தேடியபோது, கிளார்க் நோபிளும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் யார் முதலில் போவது என்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். வென்றவர் பெஸ்ட். பாதியில் நோபிள் வந்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் வேலை சூடுபிடித்துவிட்டதால் பெஸ்ட்டே தொடர்ந்தார். இன்சுலினோடு அவருடைய பெயர் என்றென்றும் இணைந்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1952இல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவில் இருந்த அவருடைய நோயாளி ஒருவர் ஒரு தபால் அனுப்பினார். அதற்குள் நித்தியகல்யாணியின் 25 இலைகள் இருந்தன. இன்சுலின் கிடைக்காதபோது ஜமைக்கா மக்கள் இதைத்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதே செய்தி. கிளார்க் அந்த இலைகளைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். ராபர்ட் அப்போது ஒண்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில், மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் காலிப் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

இனிப்பு நீருக்கு மருந்து தேடித்தான் அந்த ஆய்வு தொடங்கியது. இலையின் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு குறையவில்லை. வேறு எவராக இருந்தாலும், "பாட்டி வைத்தியம் பலிக்கவில்லை" என்று கோப்பை மூடியிருப்பார். ராபர்ட் நோபிளின் குழு அப்படிச் செய்யவில்லை. சாற்றை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தது.

எலிகள் காட்டிய வழி

ஊசி போட்ட எலிகள் ஒரு வார காலத்துக்குள் இறந்தன. சர்க்கரைக் குறைவால் அல்ல. அவற்றின் உடலுக்குள் பல இடங்களில் சீழ்க்கட்டிகள் இருந்தன. ஆரோக்கியமான எலி சாதாரணமாகச் சமாளித்துவிடக்கூடிய கிருமிகள் இந்த எலிகளைக் கொன்றிருந்தன. ஏன் என்று ஆராய்ந்தபோது விடை இரத்தத்தில் கிடைத்தது. கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையே ஒடுங்கிப்போயிருந்தது.

இங்கேதான் ஆய்வாளர்களின் சிந்தனை திசை மாறியது. இரத்தப் புற்றுநோய் என்பது என்ன? வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதானே! வெள்ளை அணுக்களை அழிக்கும் ஒரு பொருள் இலையில் இருக்கிறது என்றால், அதைப் பிரித்தெடுத்து அந்த நோயின் மீது ஏவினால் என்ன?

கேள்வி எளிது, வேலை கடினம். 1954இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த வேதியியலாளர் சார்ல்ஸ் பியர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஹாரி கட்ஸ் விலங்குச் சோதனைகளைக் கவனித்தார். இலையில் கலந்து கிடக்கும் எண்ணற்ற பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எது வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்று எலிகளில் சோதிக்க வேண்டும். பலிக்காததை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஒரு பொருள் தூய படிகமாகக் கைக்கு வந்தது. அதுவே இன்று வின்பிளாஸ்டின் எனப்படுகிறது.

1958இல் நோபிள், பியர், கட்ஸ் மூவரும் தங்கள் கண்டுபிடிப்பை நியூயார்க் அறிவியல் கழகத்தின் வழியாக வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே "தற்செயலான கவனிப்பு" என்ற பொருள்படும் சொற்களை அவர்கள் சேர்த்திருந்தார்கள். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட பண்பு அது.

ஒரே செடி, இரண்டு தேடல்கள்

வியப்பு என்னவென்றால், அதே காலத்தில் அதே செடியை இன்னொரு குழுவும் ஆராய்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் உள்ள எலை லில்லி மருந்து நிறுவனத்தில், கோர்டன் ஸ்வோபோடா என்ற ஆய்வாளர் உலகின் பல பகுதிகளில் நாட்டு மருந்தாகப் பயன்படும் செடிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் சாற்றையும் சோதனைக்கு அனுப்பிவந்தார். பிலிப்பைன்ஸ் மக்கள் இனிப்பு நீருக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பின் பேரில் நித்தியகல்யாணியும் அந்தப் பட்டியலில் ஏறியது. இர்விங் ஜான்சன் தலைமையில் நடந்த சோதனையில், இரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீண்டது.

கனடா குழுவும் அமெரிக்கக் குழுவும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டு ஒத்துழைக்கத் தொடங்கின. 1960களின் தொடக்கத்தில் வின்பிளாஸ்டின் நோயாளிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்வோபோடா அதே இலையிலிருந்து வின்பிளாஸ்டினின் உடன்பிறப்பு போன்ற இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்தார். அதுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

இந்த இரண்டு பொருள்களும் இலையில் எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்தால் மலைப்பாக இருக்கும். ஒரு டன், அதாவது ஆயிரம் கிலோ, உலர்ந்த இலையை வடித்தால் கிடைக்கும் வின்கிரிஸ்டின் சில கிராம்தான். ஒரு லாரி நிறைய இலையை ஏற்றிவந்து, கடைசியில் ஒரு தேக்கரண்டியை நிரப்பவே திண்டாட வேண்டும். நித்தியகல்யாணியில் நூறுக்கும் மேற்பட்ட காரப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அந்தக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தேடிப் பிடித்ததுதான் வேதியியலாளர்களின் சாதனை.

செல்லுக்குள் நடப்பது என்ன?

நம் உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளைச் சரிபாதியாகப் பங்கிட்டு இரு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய இழைகள் தேவை. கிணற்றில் வாளியை இழுக்கும் கயிற்றைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தியூபுலின் என்ற புரதத் துண்டுகள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கயிறு திரிக்கப்படுகிறது. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் அந்தத் துண்டுகளைப் பற்றிக்கொண்டு கயிறு திரிய விடாமல் தடுத்துவிடுகின்றன. கயிறு இல்லாத செல் பாதி வழியில் நின்று மடிகிறது.

புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. ஆகவே அவை அதிகம் அடிபடுகின்றன. ஆனால் இந்த மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடு தெரியாது. எலும்பு மஜ்ஜை, முடி வேர் போன்ற வேகமாக வளரும் இடங்களும் பாதிக்கப்படும். நரம்புகளுக்குள்ளும் அதே வகை இழைகள் இருப்பதால், வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கை கால் மரத்துப்போதல், மலச்சிக்கல், தாடை வலி ஆகியவை வரக்கூடும். கனடாவின் எலிகளைக் கொன்றதும் மனிதர்களின் புற்றுநோயை அழிப்பதும் ஒரே ஆற்றல்தான். அளவும் முறையும்தான் வேறு.

சில மாத ஆயுள் முழு ஆயுளாக மாறியது

இந்த மருந்தின் அருமையை உணர, அது வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1940களில் ஒரு குழந்தைக்குக் கடும் இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னால், பெற்றோருக்கு மிஞ்சியிருந்தது சில மாதங்களே. 1948இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் நோய் மீண்டும் வந்தது. ஒரு மருந்து மட்டும் போதாது என்பது புரிந்தது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகிய இரு மருத்துவர்களும் துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெவ்வேறு முறையில் தாக்கும் நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் கொடுப்பது என்பதே அது. அந்த நால்வர் அணியில் புதிதாக வந்த வின்கிரிஸ்டினும் இடம்பெற்றது. "குழந்தைகளை வதைக்கிறார்கள்" என்று சக மருத்துவர்களே கண்டித்த காலம் அது. 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயிண்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் டோனால்ட் பிங்கல் அந்த வழியை மேலும் செம்மைப்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில், அவரிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் குணமடையக்கூடும் என்று அறிவிக்கும் நிலை வந்தது.

ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இதே கதைதான். 1964இல் வின்சென்ட் டிவிட்டாவும் அவருடைய சகாக்களும் வின்கிரிஸ்டின் உள்ளிட்ட நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1970இல் முடிவு வெளியானபோது, முற்றிய நிலையில் இருந்தவர்களில் 80 விழுக்காட்டினரிடம் நோயின் அடையாளமே மறைந்திருந்தது. 1970களில் இண்டியானாவின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் வின்பிளாஸ்டினோடு வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்து, இளைஞர்களைப் பலிகொண்டுவந்த விந்தகப் புற்றுநோயைக் குணமாகும் நோயாக மாற்றினார்.

இந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய "மா-ஸ்போர்" என்ற சிகிச்சை ஆய்வு அது. 2002 முதல் 2011 வரை இரு நாடுகளையும் சேர்ந்த 556 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு உடலில் எஞ்சியிருக்கும் நோய்ச் செல்களை மிக நுட்பமாக அளந்து, யாருக்குக் கடுமையான மருந்து தேவை, யாருக்குக் குறைத்துக் கொடுத்தாலே போதும் என்று முடிவு செய்யும் முறை அது. தொடக்கச் சிகிச்சையில் வின்கிரிஸ்டினும் இருந்தது. ஆறு ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 88 விழுக்காடு. இக்குழந்தைகளின் தாத்தா பாட்டி காலத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம்.

கஷாயம் ஏன் மருந்தாகாது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். செடியில்தான் மருந்து இருக்கிறதே, வாசலில் பறித்துக் கொதிக்க வைத்தால் என்ன?

முதல் காரணம், அளவு. வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கே ஒரு வேளை ஊசியில் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. ஒரு அரிசி மணியைப் பத்தாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் அந்த எடை. அதிலும் சிறிது கூடினால் நரம்பு பாதிக்கப்படும்; சிறிது குறைந்தால் நோய் தப்பிக்கும். ஒரு கோப்பைக் கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று எந்த வீட்டு அடுப்பங்கரையிலும் அளக்க முடியாது.

இரண்டாவது, வழி. வின்கிரிஸ்டின் இரத்தக் குழாய் வழியாக மட்டுமே கொடுக்கப்படுகிறது. வாய்வழியாகப் போனால் உடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. கனடாவில் எலிகளுக்குச் சாற்றை ஊட்டியபோது ஒன்றும் நடக்காததும், ஊசியில் ஏற்றியபோது அவை இறந்ததும் இங்கே நினைவுகூரத்தக்கது. மருத்துவமனையிலேயே வழி தவறினால் உயிர் போகும். நரம்பு வழி செல்ல வேண்டிய மருந்தைத் தவறுதலாக முதுகுத் தண்டு நீரில் செலுத்திய சம்பவங்கள் பல நாடுகளில் மரணத்தில் முடிந்திருக்கின்றன. அதனால்தான் 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்து, ஊசிக்குழாய்க்குப் பதிலாகச் சிறிய பையில் இந்த மருந்தைக் கலந்து ஏற்றுமாறு அறிவுறுத்தியது. பயிற்சி பெற்றவர்களே இவ்வளவு கவனத்தோடு கையாளும் பொருள் இது.

மூன்றாவது, உடன் வருபவை. கஷாயத்தில் இறங்குவது ஒரு பொருள் அல்ல. இலையில் உள்ள பல காரப்பொருள்களின் கலவை. அவற்றில் சில இரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடியவை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அளவே தெரியாதபோது எது அமிர்தம், எது நஞ்சு?

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, காலம். புலனத்தில் வரும் ஒரு செய்தியையோ, இரவுச் சந்தையில் விற்கப்படும் ஒரு புட்டியையோ நம்பி மூன்று மாதம் கஷாயம் குடித்துவிட்டு, நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு ஓடி வருபவர்கள் இழப்பது அந்த மூன்று மாதத்தை மட்டுமல்ல. ஆரம்பத்தில் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆண்டுகளையும்தான். அதிலும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் வாரங்கள்கூடக் கணக்கு.

இனிப்பு நீருக்கும் இது பொருந்தும். விலங்குச் சோதனைகளில் செடியின் சில பொருள்கள் சர்க்கரையைக் குறைத்தது உண்டு என்றாலும், இன்சுலினுக்கோ மருத்துவர் கொடுக்கும் மாத்திரைக்கோ அது மாற்று என்று நிரூபிக்கப்படவில்லை.

அப்படியானால் பாட்டி வைத்தியம் பொய்யா?

இல்லை. ஜமைக்காவில் அந்த இலையைக் குடிக்கும் பழக்கமே இல்லாதிருந்தால் டொராண்டோவுக்குத் தபால் போயிருக்காது. பிலிப்பைன்ஸ் மக்களின் பழக்கம் ஏட்டில் பதிவாகாமல் இருந்திருந்தால் இண்டியானாபோலிஸ் பட்டியலில் அந்தச் செடி ஏறியிருக்காது. "இந்தச் செடிக்கு உடலில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது" என்ற தகவலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். அவர்கள் சொன்ன நோய் வேறாக இருக்கலாம். சுட்டிக்காட்டிய செடி சரியானது.

அந்த மக்களுக்குக் கைம்மாறாக என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி நெடுங்காலம் உலக அரங்கில் ஒலித்தது. செடியின் தாயகமான மடகாஸ்கர் உலகின் ஏழை நாடுகளில் ஒன்று. அதன் தென்பகுதியில் இருந்து வேரும் இலையும் மூலப்பொருளாக ஏற்றுமதியாயின. மருந்தின் இலாபத்தில் அந்நாட்டுக்குப் பங்கு இல்லை. வழக்கு அவ்வளவு எளிதல்ல என்பாரும் உண்டு. செடி பிறந்தது மடகாஸ்கரில், துப்புக் கொடுத்தவர்கள் ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும், பிரித்தெடுத்தவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும். இன்று தமிழ்நாட்டின் வறண்ட தென் மாவட்டங்களில் உள்ள உழவர்களும் ஏற்றுமதிக்காக அதைப் பயிரிடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது கடினம். ஆனால் ஒரு பங்கும் இல்லை என்பது நியாயமாகாது.

1992இல் ரியோ நகரில் உருவான உயிரினப் பன்மய உடன்படிக்கை, ஒரு நாட்டின் செடிகொடிகள் மீது அந்த நாட்டுக்கே உரிமை உண்டு என்று அறிவித்தது. 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் எழுதப்பட்ட ஒப்பந்தம், பயனைப் பகிர்ந்துகொள்ளும் முறையை வகுத்தது. 2014இல் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் 2017இல் உயிரியல் வளங்களைப் பெறுவதற்கும் பயனைப் பகிர்வதற்கும் தனிச் சட்டம் இயற்றியது. பூர்வகுடி மக்களின் அறிவைப் பயன்படுத்த அவர்களுடைய சம்மதம் தேவை என்பது அதில் ஓர் அம்சம்.

சட்டம் வருவதற்கு முன்பே சரவாக் ஒரு பாடத்தைக் கற்றிருந்தது. 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காக அங்கே சேகரிக்கப்பட்ட பிந்தாங்கோர் மரத்தின் இலையிலும் கிளையிலும், எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கக்கூடிய ஒரு பொருள் ஆய்வுக்கூடத்தில் தென்பட்டது. மேலும் இலை பறிக்கத் திரும்பிப் போனவர்கள் கண்டது வெட்டப்பட்ட மரத்தைத்தான்! அதே இன மரங்கள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்ததால் ஆய்வு தப்பித்தது. அந்தப் பொருள் மனிதர்களிடம் சோதிக்கப்படும் கட்டம் வரை சென்றது. 1996இல் சரவாக் மாநில அரசு சரிபாதிப் பங்குதாரராக இருந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. மடகாஸ்கருக்கு வாய்க்காத ஏற்பாடு அது. ஒரு மரம் வீழ்ந்தால் அதனோடு ஒரு மருந்தும் வீழலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

செடியிலிருந்து ஈஸ்ட் வரை

நித்தியகல்யாணியின் கதை இன்னும் முடியவில்லை. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பியர் போத்தியேவின் குழு, செடியின் பொருள்களை மூலமாகக் கொண்டு வினோரெல்பின் என்ற மருந்தை உருவாக்கியது. 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. 2018இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு மைய அறிவியலாளர்கள், செடி தனக்குள் வின்பிளாஸ்டினைத் தயாரிக்கும் நீண்ட வழியில் அதுவரை அறியப்படாதிருந்த படிகளைக் கண்டறிந்தார்கள். 2022இல் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் பணியாற்றும் ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளை ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, மருந்துக்கான இரு பாதிகளையும் அதைக்கொண்டே தயாரித்துக் காட்டினார்கள். 2019இல் அமெரிக்க மருத்துவமனைகளிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு ஏற்பட்டுக் குழந்தைகளின் பெற்றோர் தவித்ததை எண்ணினால், இத்தகைய முயற்சியின் அவசியம் விளங்கும்.

வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. இருந்தும் வளர்ந்த நாடுகளில் இரத்தப் புற்றுநோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கும்போது, ஏழை நாடுகளில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. காரணம் மருந்து இல்லாமை மட்டுமல்ல. தாமதமாக வருவதும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதும் பெரும் காரணங்கள்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. காரணமில்லாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, மறையாத கட்டி ஆகியவை தென்பட்டால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. சிகிச்சையின்போது மூலிகை ஏதேனும் உட்கொள்வதாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பூஞ்சைக் காளானுக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள்கூட வின்கிரிஸ்டினின் நச்சை உடலில் கூட்டிவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. அப்படியிருக்க, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத புட்டிகளை எப்படிக் கணக்கில் எடுக்காமல் இருப்பது? "திட்டுவார்" என்று பயந்து மறைப்பதால் ஆபத்து நோயாளிக்குத்தான். மருத்துவர்களும் ஏளனம் செய்யாமல் பொறுமையாகக் கேட்டறிந்தால் மக்கள் மனம் திறந்து சொல்வார்கள்.

பெரியவர்களிடம் எஞ்சியிருக்கும் மூலிகை அறிவை எழுதி வைப்பதும் இன்றைய தலைமுறையின் கடமை. எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று குறித்து வைத்தால் அது நாளை ஓர் ஆய்வாளரின் கைக்குப் போகலாம். 25 இலைகள் அதைத்தான் செய்தன. குறித்து வைப்பது வேறு. சோதிக்காமல் குடித்துப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு வீடு உணர்ந்துகொண்டால், அங்கே ஓர் உயிராவது உரிய நேரத்தில் சிகிச்சைக்குப் போய்ச் சேரும்.